இல்லை என்று சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர்

சிஸ்டம் கோமதிநாயகம் வாயைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆபத்து கிடையாது. அவர் வாய் மூடினால்தான் கை வேலை செய்யத் தொடங்கும். கை வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அச்சகத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. எங்கள் பழைய கம்ப்யூட்டரை அவர்தான் சரிபண்ணினார். இப்போது அதன் மேல், எங்களிடம் டைப் அடிக்கிற ஜெபராணி தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குவாளியை வைக்கிறாள்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் சுரண்டை முப்புடாதி அச்சகத்துப் படியேறி வந்ததும் நான் முதலில் கம்ப்யூட்டர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே உள்ளே நிலைமை சரியில்லை. காய்கறி மண்டி மாடக்கண்ணு அண்ணாச்சி மகள் சண்முகப்பிரியாவுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அன்றைக்கு ஆனி மாதத்துக் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க எங்கள் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். முதல் கார்டு ஆனியிலேயே அச்சாகி, மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் மிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு கார்டுதான் கணக்கு.

அதற்கும் நாலரை மணி வரைதான் நேரம். நாலரைக்கு ராகு காலம். அது முடிந்தால் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும், விளக்கு வைத்த பிறகு எதையும் தொடங்குவது அண்ணாச்சி வீட்டு வழக்கத்திலேயே இல்லை. அவர் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, வெல்லம், பழம் எல்லாம் வைத்த தட்டை மடியில் ஏந்திக்கொண்டு மூன்று மணியிலிருந்து சுவர்க் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டரோ தன்பாட்டுக்கு அப்டேட் போட ஆரம்பித்திருந்தது. கடைசித் திருத்தத்தை ஜெபராணி போட்டு முடித்தாள், பிரிண்ட் கொடுக்கப் போனாள், அதற்குள் திரை நீலமாகிவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. முப்பது சதவீதத்தில் வந்து நின்றது, நின்றதுதான். பத்திரிகை முழுவதும் அந்தப் பெட்டிக்குள். ஜெபராணிக்கு நகத்தைக் கடிக்கிற பழக்கம் கிடையாது, அன்றைக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“இதுக்குப் போயா எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீய? எந்திரி தாயி. ஸ்விட்ச அமத்திட்டு, சிஸ்டம் ஃபைலுக்குள்ள போயி ஒரு வரிய மாத்துனா முடிஞ்சுது சோலி.”

“வேண்டாம்வே!” என்று நான் கத்திவிட்டேன்.

“ஏன் வேய்? நான் மாத்தாத சிஸ்டம் ஃபைலா?”

அவர் கை ஸ்விட்ச் பக்கம் நீண்டது. அப்போதுதான் ஜெபராணிக்கு அந்த யோசனை வந்தது. அவள் என் காதருகே குனிந்து, “அண்ணாச்சி, அவரப் பேச விடுங்க. பேசும்போது அவருக்கு ரெண்டு கையும் மேலதான் நிக்கும்” என்றாள்.

உண்மைதான். கோமதிநாயகம் கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசி நான் பார்த்ததில்லை. நான் சட்டென்று சிரித்தேன்.

“சும்மா அளக்காதீரும் வே. சிஸ்டம் ஃபைல யாரும் மாத்த முடியாதுன்னுல்லா சொல்லுதாவ?”

நீண்ட கை நடுவிலேயே நின்றது. மெல்ல மேலே போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாரு சொன்னா முடியாதுன்னு? கேளும். கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்யாணப் பத்திரிகைக் கடை. பேரு சொல்ல மாட்டேன், அந்த முதலாளி மானஸ்தர். அங்கன ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. வாயத் தொறந்தாலே அபசகுனம். பொண்ணு வீட்டுக்காரவ, மாப்பிள்ள வீட்டுக்காரவ எல்லாம் பூவும் தட்டுமா வந்து உக்காந்திருப்பாவ. மாப்பிள்ள பேர அடிச்சு முடிக்கதுக்குள்ள திரையில ‘பேட்டல் எர்ரர்’னு போடும். எந்தக் கல்யாணத்துலயும் இங்கிலீசு தெரிஞ்ச சித்தப்பா ஒருத்தர் இருப்பாருல்லா? அவரு அத உரக்கப் படிச்சு, ‘சாவுத் தப்பு’ன்னு அர்த்தமும் சொல்லிருவாரு. அம்புட்டுதான், தட்டத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவாவ. முதலாளி எங்கிட்ட வந்து, கோமதி, இந்த வாய எப்படியாவது மாத்திக் குடும்னு கண்ணு கலங்குதாரு.”

“மாத்துனீராக்கும்?”

“லேசுல முடியுமாவே? அந்த வார்த்த பூராம் சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள கெடக்கு. அங்க ஒவ்வொரு ஃபைலுக்கும் காவல். நீரு ஒரு எழுத்த மாத்துனா, காவக்காரன் ஓடி வந்து அத அழிச்சுட்டுப் பழசயே எடுத்து வச்சுட்டுப் போயிருவான்.”

“அது நெசம்தான் அண்ணாச்சி, அப்படி ஒண்ணு உண்டு” என்றாள் ஜெபராணி, வாய் தவறி.

கோமதிநாயகம் முகம் விழுந்துவிட்டது. நிஜம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மேலே பேச ஒன்றும் இருக்காது. கை மடியில் இறங்கியது, பிறகு மெதுவாக ஸ்விட்ச் பக்கம் ஊர்ந்தது. நான் ஜெபராணியை முறைத்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஆனா அந்தக் காவல மீறி ஒரு எழுத்தக் கூட மாத்தியிருக்க மாட்டீய. சும்மா சொல்லுதீய” என்றாள்.

கை மறுபடி மேலே போய்விட்டது.

“நானா? தாயி, நான் மாத்த, அவன் திருப்பி வைக்க. நான் மாத்த, அவன் திருப்பி வைக்க. காலையில தொடங்குன சண்ட. யாரு வேகம்னு பாத்துருவோம்னு நான் அடிக்கிற அடியில கீபோர்டுல பொகை கெளம்பிட்டு. சூடு தாங்காம எழுத்தெல்லாம் எடத்த விட்டு ஓடிட்டு. ‘க’வத் தேடுனா அது போயி ‘ள’ வீட்டுல ஒளிஞ்சு நிக்கி. ஆத்தமாட்டாம ஒரு செம்பு மோர எடுத்து கீபோர்டு மேல ஊத்துனேன்.”

“பாழாப் போயிருக்குமே!”

“எங்க பாழாப் போவும்? அந்தச் சூட்டுல மோரு கொதிச்சு மோர்க்கொழம்பாயிட்டு. முதலாளி வீட்டம்மா கடுகு மட்டும் தாளிச்சு மத்தியானச் சோத்துக்கு ஊத்துனாவ. லேசா பிளாஸ்டிக் வாசம் அடிச்சுது, மத்தபடி நல்ல ருசி.”

திரையில் எண் முப்பத்தைந்தாக மாறியது. ஜெபராணி மூச்சை விட்டாள். மாடக்கண்ணு அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வே, நேரம் ஓடுது. இங்க மோர்க்கொழம்பு வச்சுக்கிட்டு இருக்கீரு” என்றார்.

“பொறுங்க அண்ணாச்சி, உங்களுக்குத் தேவையான எடம் இனிமதான் வருது” என்று கோமதிநாயகம் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “சாப்பிட்டுட்டு யோசிச்சேன். இந்தக் காவக்காரன் ஏன் இப்படி நாள் முழுக்க விடாம காக்கான்? ஒரு குடும்பம் குட்டி இருந்தா இப்படிச் சுத்துவானா? ரைட் கிளிக் பண்ணிப் பாத்தேன். ஆளு தனிக்கட்டை. சரி, கல்யாணம் பண்ணி வச்சுருவோம்னு முடிவு பண்ணேன்.”

“யாருக்கு?”

“காவல் ஃபைலுக்குத்தான். எழுத்துரு ஃபோல்டருல நல்ல வளைவு சுழிவோட ஒரு தமிழ் எழுத்து கெடந்துச்சு. பேரு கோமளா. அடக்கமான பிள்ள, போல்டு கூட போட்டது கெடையாது. எந்த ஃபைலுக்கும் அது உண்டான தேதியும் மணியும் உள்ளயே எழுதியிருக்கும்லா? அத வச்சு ரெண்டு பேருக்கும் ஜாதகம் கணிச்சேன். நல்ல பொருத்தம். ஸ்பீக்கருல நாதஸ்வரத்தப் போட்டு, மவுஸ் வயருல தாலியக் கட்ட வச்சேன். காவக்காரன் வெக்கப்பட்டதுல திரை பூராம் செவந்துட்டு.”

ஜெபராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் சிரித்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

“கல்யாணம் பண்ணி வச்சா மட்டும் காவலுக்கு வராம இருப்பானா?” என்றேன்.

“அங்கதான் என் மூளையப் பாரும். கல்யாணம் முடிஞ்ச கையோட ஆடி பொறந்துட்டு. தலை ஆடிக்கு மாமனார் வீட்டுல விருந்துன்னு கூப்புட்டாவ. புது மாப்பிள்ள கெளம்பிப் போயிட்டான். சிஸ்டம் ஃபோல்டரு கதவு தெறந்து கெடக்கு!”

“நிறுத்தும்வே!” என்றார் மாடக்கண்ணு அண்ணாச்சி. அதுவரை கடிகாரத்திலேயே இருந்த பார்வையை இறக்கி அவர் முழுசாகத் திரும்பியது அப்போதுதான். “என்ன வழக்கம் தெரியாமப் பேசுதீரு? ஆடியில பொண்ணத்தான் அம்மா வீட்டுல வச்சுக்கிடுவாவ. மாப்பிள்ள விருந்தச் சாப்புட்டுட்டு அன்னைக்கே தனியாத் திரும்பிரணும். அவன் காவலுக்கு வந்துருப்பானே!”

ஒரு கணம் கோமதிநாயகம் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். மாடக்கண்ணு அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கோமதிநாயகம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“திரும்பத்தான் செஞ்சான் அண்ணாச்சி. யாரு இல்லன்னா? மாமனாரு எலய எடுத்த உடனேயே ஆள வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாரு. ஆனா புதுசாக் கட்டுனவன் வருவானா? வைரஸ் தேடுதேன், வைரஸ் தேடுதேன்னு சொல்லிக்கிட்டு மாசம் முழுக்க மாமனார் தெருவையே சுத்திச் சுத்தி வந்தான். அந்த எழுத்துரு ஃபோல்டரு இருந்த சுத்தம் அதுக்கு முன்னயும் கெடையாது, பின்னயும் கெடையாது.”

மாடக்கண்ணு அண்ணாச்சி சிரித்துவிட்டார். தட்டிலிருந்த வாழைப்பழம் உருண்டு கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். “எங்க வீட்டு மாப்பிள்ளையும் அப்படித்தான் இருப்பான் போலுக்கு. இப்பவே தெருவுல நாலு சுத்து சுத்துதான்” என்று பழத்தை எடுத்துத் துடைத்து வைத்தார். எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது. மணி மூன்றே முக்கால்.

“உள்ள போனேன். வார்த்தைய எல்லாம் மாத்துனேன். எர்ரர்னு இருந்த எடத்துல ‘சின்னத் தடங்கல்’னு போட்டேன். அமத்தும்போது ‘போயிட்டு வாரேன்’னு சொல்ல வச்சேன். எல்லாம் முடிச்சு வெளிய வரப் பாக்கேன், ஒரு மூலையில ‘இல்லை’ன்னு ஒரு வார்த்த கெடக்கு. ஃபைல் இல்லை, பேப்பர் இல்லை, மை இல்லைன்னு எதுக்கெடுத்தாலும் அதத்தான் எடுத்துச் சொல்லுது. கல்யாண வேல நடக்குற எடத்துல இல்லைன்னு சொல்லலாமா? நம்ம வீட்டுல அரிசி தீந்துட்டுன்னா கூட இல்லைன்னா சொல்லுதோம்? அந்த வார்த்தைய வேரோட புடுங்கி எறிஞ்சுட்டேன்.”

“அதுதான் தப்பு” என்றாள் ஜெபராணி.

“தப்புதான் தாயி! அத மட்டும் தொடாம இருந்திருந்தா நான் இன்னைக்கு இந்தச் சுரண்டையிலயா உக்காந்திருப்பேன்? இல்லைன்னு சொல்ல வார்த்த கெடையாது. அப்போ எதக் கேட்டாலும் அது குடுத்துத்தான ஆவணும்? மொத நாளு, போன வருசம் அழிச்ச ஒரு ஃபைலக் கேட்டாவ. முழிச்சுது, தெணறுச்சு, எங்கிருந்தோ தோண்டி எடுத்துக் குடுத்துட்டு. மறுநாளு, அதுல எப்பவுமே இல்லாத ஃபைலக் கேட்டாவ. எதுத்தாப்புல போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டருல போயி வாங்கிட்டு வந்து குடுத்துச்சு.”

“ஒயரு இல்லாமலா?” என்றேன்.

“ஒயராவது ஒண்ணாவது. ரோட்டக் கடந்து போனத டீக்கடைக்காரரு பாத்திருக்காரு.”

“பேப்பர் தீந்துட்டுன்னா?” இப்போது கேட்டது மாடக்கண்ணு அண்ணாச்சி.

“அதான் அண்ணாச்சி கேக்கணும்! பேப்பரு தீந்துட்டு. இல்லைன்னு சொல்லத் தெரியல. அந்த நேரம் பாத்து முதலாளி வெள்ள வேட்டியில குறுக்க போறாரு. வேட்டியிலயே அடிச்சுவிட்டுட்டு. முன்னால மாப்பிள்ள பேரு, பின்னால சுற்றமும் நட்பும். மனுசன் கவனிக்காம கடைவீதி, பஸ் ஸ்டாண்டுன்னு நாள் பூராம் சுத்திட்டு வந்துட்டாரு. அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகையப் பாத்து வந்த கூட்டத்த விட முதலாளியப் பாத்து வந்த கூட்டம்தான் அதிகம். ரெண்டு பந்தி கூட வைக்க வேண்டியதாப் போச்சு.”

“செவப்பு மை தீந்தா?” என்றார் அவரே மறுபடி.

“முதலாளி வெத்தல போடுவாரு. அவரு உதட்டுல இருந்து எடுத்துக்கிட்டு. அன்னையிலருந்து அவரு எம்புட்டு வெத்தல போட்டாலும் வாயி செவக்காது. அவரு வீட்டம்மாவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.”

எழுபது சதவீதம். மணி நாலு ஆகப் போனது. நான் உள்ளுக்குள் ஒன்று கூட்டிப் பார்த்தேன். இவர் இன்னும் கொஞ்சம் புளுகினால் அப்டேட் தப்பிக்கும், அப்டேட் தப்பித்தால் கல்யாணப் பத்திரிகை தப்பிக்கும். என் வாழ்க்கையில் ஒரு மனுஷன் இன்னும் கொஞ்சம் பொய் சொல்ல வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

“ஆனா ஒண்ணு இடிக்கி வே” என்றேன். “ஆடி மாசம்னு சொன்னீரு. ஆடியில எவன் பத்திரிகை அடிக்க வந்தான்?”

கோமதிநாயகம் எழுந்தே நின்றுவிட்டார். நல்ல கேள்வி கேட்டால் அவருக்கு உட்காரப் பிடிக்காது.

“மொதல்ல யாரும் வரலதான். முதலாளி ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. சலிச்சுப் போயி அந்தக் கம்ப்யூட்டருகிட்ட, இன்னைக்கு நல்ல நாள்தானான்னு சும்மா கேட்டுட்டாரு. அதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியுமா? தெரியாதே! அப்போ என்ன செய்யும்? தேதிய மாத்திட்டு. ஆடிய அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு, ஆவணி ஒண்ணுன்னு போட்டுட்டு. கடிகாரம் அதப் பாத்து மாறுச்சு. அதப் பாத்து பக்கத்துக் கடைக் கடிகாரம் மாறுச்சு. நாள்காட்டியில தாளு தானா கிழிஞ்சு பறக்குது. கடையநல்லூருக்கு அந்த வருசம் ஆடியே கெடையாது!”

“அடப்பாவி” என்றேன், என்னை மறந்து.

“ஆடித் தள்ளுபடின்னு பெரிய பேனரு கட்டி வச்சிருந்த ஜவுளிக்கடைக்காரரு ரோட்டுல உருண்டு அழுதாரு. அம்மன் கோயில்ல கூழுக்கு நனையப் போட்ட கேழ்வரகு அப்படியே மொளச்சுப் போச்சு. ஆடிக் காத்து கூட ஊரு எல்லை வரைக்கும் வந்துட்டு, மாசம் தப்போன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டு.”

மாடக்கண்ணு அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார். சிரிப்பு போய்விட்டது. கண் பளபளவென்று இருந்தது. “ஆடியே வராம?” என்றார் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. ஜெபராணியும் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதர் நம்ப ஆரம்பித்துவிட்டார். கோமதிநாயகத்துக்கு அது தெரியவில்லை, அவர் வேகத்தில் இருந்தார்.

“அதுக்குப் பெறகு கேக்கணுமா? ஒரு தகப்பனாரு வந்து, எம் மகனுக்குப் பத்திரிகை அடின்னு வெளையாட்டுக்குக் கேட்டாரு. பொண்ணு யாருன்னு கேட்டா, இன்னும் பாக்கலன்னு சொல்லுதாரு. கம்ப்யூட்டருக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாதே! பொண்ணு பேரு, ஊரு, தகப்பனாரு பேரு, முகூர்த்த நேரம் எல்லாத்தயும் போட்டு அடிச்சுத் தள்ளிட்டு. அவரு அந்தப் பத்திரிகையோட அந்த ஊருக்குப் போயிப் பாக்காரு, அங்க ஒரு வீட்டு வாசல்ல மாக்கோலம் போட்டு, தட்டோட நிக்காவ. இம்புட்டு நேரமா வர்றதுக்குன்னு கோபம் வேற! அன்னையிலருந்து கல்யாணம் ஆகாத பயலுவ வரிச கடையநல்லூருல தொடங்கித் தென்காசி வரைக்கும் நின்னுச்சு. கல்யாணத் தரகருவ எல்லாரும் வேல போச்சுன்னு கடை வாசல்ல உண்ணாவிரதம் இருந்தாவ. அதுல ஒரு தரகருக்கே கல்யாணம் ஆவல. மூணாம் நாளு அவரே நைசா எந்திரிச்சு வரிசையில நின்னுட்டாரு.”

“பெறகு எப்படி முடிஞ்சுது?” என்றாள் ஜெபராணி, திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி. தொண்ணூறு.

“நெச ஆவணி பொறந்துட்டு தாயி. காவக்காரன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்தான். பாத்தான். எல்லாத்தயும் பழசு மாதிரி வச்சுட்டான். ஆனா அவன் வந்து உக்காருறதுக்கு ஒரு நிமிசம் முன்னால, அந்தக் கம்ப்யூட்டரு யாரும் கேக்காமலே ஒரு பத்திரிகைய அடிச்சுது. கடைசிப் பத்திரிகை. நாந்தான் கையில வாங்குனேன்.”

அவர் நிறுத்தினார். அந்த இடத்தில் அவர் கண் மேஜைமேல் ஒரு கணம் போய் வந்ததை நான் பார்த்தேன். அங்கே நாங்கள் பிழை பார்த்த தாள் கிடந்தது.

“மணமகள் சண்முகப்பிரியான்னு போட்டிருந்துச்சு. தகப்பனாரு மாடக்கண்ணு, காய்கறி மண்டி, சுரண்டை. யாருடா இதுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. அப்ப உங்க மக ரெட்டச் சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்பா. இந்தக் கல்யாணம் அன்னைக்கே அடிச்சாச்சு. எந்த ஆடி வந்து இத நிறுத்தும்?”

மாடக்கண்ணு அண்ணாச்சி துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். மார்க்கெட்டில் ஒரு தக்காளிப் பெட்டிக்கு ஊரையே அதட்டுகிற ஆள். புளுகு என்று தெரிந்தும் நானும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் பயந்தது நடந்தது. அவர் தட்டோடு எழுந்து நின்றார்.

“வே கோமதி. நீரே தொடும்.”

“அண்ணாச்சி!” என்றேன் நான்.

“சும்மா இரு சொரிமுத்து. மணி நாலே காலாச்சு. அந்த வட்டம் சுத்துறதப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. இவரால ஒரு ஊருக்கே ஆடிய நிறுத்த முடிஞ்சிருக்கு, எம் மகளுக்கு ஒரு கார்டு எடுத்துத் தர முடியாதா? தொடும்வே, நாஞ் சொல்லுதேன்.”

திரையில் தொண்ணூற்றொன்பது. அதிலேயே நின்றுவிட்டது. இப்போது அணைத்தால் எல்லாம் போகும். ஜெபராணி ஸ்விட்சுக்கும் கோமதிநாயகத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். உயர்ந்திருந்த இரண்டு கையும் உயர்ந்தபடியே இருந்தன. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் எல்லாரும் தொடாதே தொடாதே என்றுதான் அவரைத் துரத்தியிருக்கிறோம். தொடு என்று ஒருவர் கண்ணீரோடு சொன்னது அவருக்கு அதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது எனக்கு.

“தொடலாம்தான்” என்றார் இழுத்து. “ஆனா பாருங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழம. மேக்க சூலம். கம்ப்யூட்டரு மேக்குச் சுவருல இருக்கு. சூலத்துக்கு எதுத்தாப்புல போயி மங்கல காரியத்துல கை வச்சா பொண்ணுக்கு ஆவாதே. வெல்லம் வாயில போட்டாத்தான் தோசம் தீரும். இந்த நேரத்துல வெல்லத்துக்கு எங்க போவ?”

“தட்டுல இருக்கே!” என்று அண்ணாச்சி ஓர் அச்சு வெல்லத்தையே எடுத்து அவர் கையில் வைத்தார்.

கோமதிநாயகம் வெல்லத்தைப் பார்த்தார். வெல்லம் அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கடித்தார். நிதானமாக மென்றார். என் ஆயுசில் ஒருவர் வெல்லத்தை அத்தனை மெதுவாகத் தின்று நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி கடிகாரத்தையும் அவர் தாடையையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசித் துண்டும் உள்ளே போனது. கை மெல்ல நீண்டது.

“கை பிசுபிசுன்னு இருக்கு” என்றாள் ஜெபராணி. “இந்தக் கையோடவா கீபோர்டத் தொடப் போறீய? எறும்பு ஏறிரும். பொறத்தால குழாய் இருக்கு, கழுவிட்டு வாங்க.”

“சரியாச் சொன்ன தாயி” என்று கோமதிநாயகம் போன வேகத்தில் பின்வாசல் திரைச்சீலை ஒரு தடவை பறந்து அடங்கியது.

குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். யாரும் மூச்சு விட்டதாக நினைவில்லை. வட்டம் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. அப்புறம் நீலம் போய், எங்கள் முப்புடாதி அம்மன் படம் திரையில் வந்து நின்றது.

ஜெபராணி நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்ற வாக்கில் ஃபைலைத் திறந்தாள், ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள், பிரிண்ட் கொடுத்தாள். கார்டு உள்ளே போய், வெதுவெதுப்பாக வெளியே வந்தது. சண்முகப்பிரியா என்ற பெயர் தங்க நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மாடக்கண்ணு அண்ணாச்சி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சுவரிலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் இன்னும் சில நிமிஷம் மிச்சம் இருந்தது. அவர் உட்கார்ந்து தட்டைத் தரையில் இறக்கி வைத்தார். மூன்று மணியிலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

கோமதிநாயகம் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்ப வந்துவிட்டது.

“பாத்தீயளா? நான் போயி குழாயடியில நின்ன ஒடனே எந்திரிச்சுட்டு. எங் கதையக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு வேய், அதான் பயந்துட்டு. ஒரு தடவ செங்கோட்டையில இப்படித்தான் ஒரு கம்ப்யூட்டரு, நான் பஸ்ஸ விட்டு எறங்குனத ஜன்னல் வழியா பாத்துட்டு…”

அவர் கை மேலே போய்க்கொண்டிருந்தது. மாடக்கண்ணு அண்ணாச்சி எழுந்து வந்தார். ஜெபராணி எடுத்துத் தந்த அடுத்த கார்டை வெற்றிலை பாக்கோடு சேர்த்து, உயர்ந்து நின்ற அந்த இரண்டு கையையும் இறக்கி, அதில் வைத்தார்.

“மொதக் கார்டு சாமிக்கு. ரெண்டாவது உமக்குத்தான்வே. நீரு பேசலன்னா இந்த ஒன்றரை மணி நேரத்துல எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். குடும்பத்தோட வந்துரணும்.”

கோமதிநாயகம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அவர் கை அசையாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணு” என்றார் அண்ணாச்சி, துண்டை உதறித் தோளில் போட்டபடி. “மண்டபத்துல மைக்செட்டு இருக்கும், சீரியல் லைட்டு இருக்கும், ஜெனரேட்டரு இருக்கும். எது பக்கமும் போயிராதீரும். நேரா பந்திக்கு வாரும்.”